625001 என்ற எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி?

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குக் கடிதம் அனுப்புகிறவர்கள் முகவரியின் கடைசியில் எழுதுவது 625001. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதில் முதல் மூன்று இலக்கங்கள் மதுரை வட்டாரத்தையும், கடைசி மூன்று குறிப்பிட்ட அஞ்சலகத்தையும் காட்டும். இந்தக் கட்டுரையில் அஞ்சல் வேலையை மறந்துவிட்டு, அதை ஆறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஒன்று என்ற முழு எண்ணாக மட்டும் பார்க்கப் போகிறோம். இது பகா எண்ணா? எந்தெந்த எண்களால் வகுபடும்? இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத வருமா? இவற்றையெல்லாம் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் ஆறு இலக்கம்? மூன்று இலக்க எண் என்றால் மனக்கணக்கிலேயே முடிந்துவிடும், எந்த உத்தியின் அருமையும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு இலக்கம் போனால் கையால் செய்வது கஷ்டம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆறு இலக்கம் சரியான அளவு.

தேவையானவை: கட்டம் போட்ட நோட்டு ஒன்று, மாசி வீதிக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்குமே அந்த 12 இலக்கக் கால்குலேட்டர் ஒன்று, 220 வரைக்குமான பகா எண்களின் பட்டியல். பட்டியலை நீங்களே தயாரியுங்கள். 2 முதல் 220 வரை கட்டத்துக்கு ஒன்றாக எழுதி, 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள். அப்புறம் 3, 5, 7, 11, 13 ஆகியவற்றின் மடங்குகள். அடிபடாமல் நிற்பவை 47 எண்கள், கடைசி எண் 211. எரட்டோஸ்தனிஸ் சல்லடை என்று பள்ளியில் படித்தது இதுதான். 13-ஓடு ஏன் நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கான காரணம் இரண்டாம் படியில் வருகிறது.

முதல் படி: செலவில்லாத கேள்விகள்

வகுக்க ஆரம்பிக்கும் முன் எண்ணின் முகத்தைப் பாருங்கள். கடைசி இலக்கம் 1. அதனால் 2 வகுக்காது, 5 வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் 6+2+5+0+0+1 = 14. இது 3-இன் மடங்கு இல்லை, ஆகவே 3-உம் 9-உம் போயின. 14-ஐ மறுபடி கூட்டினால் 5. அதாவது 9-ஆல் வகுத்தால் மீதி 5. இதை நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள், கடைசியில் விடையைச் சரிபார்க்க உதவும்.

11-க்கு வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டும்: 1−0+0−5+2−6 = −8. இது 11-இன் மடங்கு இல்லை, 11-உம் போயிற்று.

இன்னும் இரண்டு மீதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இலக்கம் 01 என்பதால் 4-ஆல் வகுத்தால் மீதி 1. கடைசி மூன்று 001 என்பதால் 8-ஆல் வகுத்தாலும் மீதி 1. இப்போதைக்கு இவற்றால் பயன் இல்லாத மாதிரி இருக்கும். வர்க்கங்களுக்கு வரும்போது இரண்டும் தேவைப்படும்.

இரண்டாம் படி: எல்லையைக் கட்டுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. 790² = 624100, 791² = 625681. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே இது முழு வர்க்கம் இல்லை. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இதில் இருக்கிறது. இந்த எண் இரண்டு காரணிகளின் பெருக்கல் என்றால், அவற்றில் சிறியது 790-ஐத் தாண்ட முடியாது. இரண்டுமே 791-ஓ அதற்கு மேலோ இருந்தால் பெருக்கற்பலன் 625681-க்குக் குறையாது அல்லவா? எனவே 790 வரையிலான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அப்படி 138 எண்கள் இருக்கின்றன. ஆறு லட்சம் வகுத்தல்கள் 138-ஆகச் சுருங்கிவிட்டன. 220 வரையிலான சல்லடையை 13-ஓடு நிறுத்தியதும் இதே காரணத்தால்தான்: 17² = 289, அது 220-ஐத் தாண்டிவிடுகிறது.

மூன்றாம் படி: 1001 உத்தி

7 × 11 × 13 = 1001. கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பெருக்கல் கிடையாது என்பது என் எண்ணம். 1001 இந்த மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடுவதால், மீதியை மட்டும் பார்க்கும்போது 1000-க்குப் பதில் −1 என்று வைத்துக்கொள்ளலாம். 625001 என்பது 625 ஆயிரமும் 1-உம். ஆகவே அதற்குப் பதிலாக 1−625, அதாவது −624-ஐச் சோதித்தால் போதும். குறியைப் பற்றிக் கவலை வேண்டாம், 624-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

7 × 89 = 623, ஆகவே 7 வகுக்காது. 11 × 56 = 616, ஆகவே 11-உம் வகுக்காது; முதல் படியில் கிடைத்த விடையும் இதுதான். 13 × 48 = 624. மிச்சமே இல்லை!

ஆக 625001 பகா எண் இல்லை. 625001 = 13 × 48077. ஆறு இலக்க எண்ணின் முதல் காரணி ஒரு கழித்தலிலேயே கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் என்று ஒரு பகுதி வருகிறதே, அதன் உண்மையான பயன் இதுதான்: எண்ணைத் தொடாமலே அதன் மீதியைத் தொடலாம்.

நான்காம் படி: மிச்சத்தைப் பிடிப்பது

இப்போது 625001-ஐ மறந்துவிட்டு 48077-ஐ எடுங்கள். எல்லையைப் புதிதாகக் கட்டவேண்டும். 219² = 47961, 220² = 48400. ஆக 219 வரை போதும். 138 பகா எண்கள் 47 ஆகிவிட்டன. அதிலும் 2, 3, 5, 7, 11 ஐந்தையும் மறுபடி சோதிக்கத் தேவையில்லை. அவை 48077-ஐ வகுத்தால் 625001-ஐயும் வகுத்திருக்கும். ஆனால் 13-ஐ விட்டுவிடக் கூடாது, ஒரே காரணி இரண்டு முறையும் வரலாம். 77−48 = 29, இது 13-இன் மடங்கு இல்லை. சரி, அடுத்தது 17.

கால்குலேட்டரில் மீதி கண்டுபிடிக்கும் விதம்: 48077 ÷ 17 என்று தட்டினால் 2828.05… என்று வரும். புள்ளிக்கு முன்னால் இருக்கும் 2828-ஐ 17-ஆல் பெருக்கினால் 48076. கழித்தால் மீதி 1. இப்படி ஒவ்வொன்றுக்கும் மீதியை வரிசையாக எழுதி வாருங்கள். "வகுபடவில்லை" என்று மட்டும் எழுதினால் பிழை எங்கே நடந்தது என்று பிறகு பார்க்க முடியாது.

சிலவற்றுக்குக் கால்குலேட்டரே வேண்டாம். 27 × 37 = 999 என்பதால், 37-க்கு மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டினால் போதும்: 48+77 = 125, அதில் 111-ஐக் கழித்தால் மீதி 14. 101-க்கு இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கவேண்டும்: 77−80+4 = 1, மீதி 1. இதே வழியில் 73-க்கும் 137-க்கும் ஓர் உத்தி இருக்கிறது. 73 × 137 = 10001; அதற்கு நான்கு நான்காகப் பிரிக்கவேண்டும். 48077-ஐ 4 என்றும் 8077 என்றும் பிரித்தால் வித்தியாசம் 8073. அது 73-ஆலும் வகுபடவில்லை, 137-ஆலும் வகுபடவில்லை.

19, 23, 29, 31… என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் சலிப்புத் தட்டும். 101-இல் மீதி 1 வந்ததும் இது பகா எண்தான் போல என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். 103, 107, 109, 113, 127, அப்புறம் 131:

131 × 367 = 48077.

13-இல் தொடங்கி எண்ணினால் இது 27-ஆவது சோதனை. இனி 367-ஐச் சோதிக்கவேண்டுமா? வேண்டாம். அதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 19-க்குள் இருக்கவேண்டும், ஏனென்றால் 20² = 400. அவ்வளவு சிறிய காரணி 48077-ஐயும் வகுத்திருக்குமே! அவை எல்லாவற்றையும் ஏற்கெனவே தள்ளிவிட்டோம். ஆகவே 367 பகா எண்.

625001 = 13 × 131 × 367

ஓரத்தில் குறித்த மீதி 5-ஐ இப்போது எடுங்கள். 13-இன் இலக்கக் கூட்டல் 4, 131-க்கு 5, 367-க்கு 16, அதாவது 7. 4 × 5 × 7 = 140, அதன் இலக்கக் கூட்டல் 5. பொருந்துகிறது. இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது, ஆனால் பெரும்பாலான கைப்பிழைகளைப் பிடித்துவிடும். வேறு எந்த வழியில் போனாலும் இதே மூன்று பகா எண்கள்தான் வரும். அதற்கு உறுதி கொடுப்பது அடிப்படை எண்ணியல் தேற்றம்.

இன்னொரு பாதை: கூட்டல் மட்டும் போதும்

வகுத்தல் பிடிக்காதவர்களுக்குப் பியர் டி பெர்மா காட்டிய வழி இருக்கிறது. எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தாமாக வந்துவிடும். 48077-க்கு மேலே இருக்கும் முதல் வர்க்கம் 220² = 48400. வித்தியாசம் 323. இது வர்க்கமா? வர்க்க எண் எதுவும் 2, 3, 7, 8-இல் முடியாது, அதனால் இல்லை. அடுத்து 221². இதைப் பெருக்கிப் பார்க்கவேண்டாம், 323-உடன் 441-ஐக் கூட்டினால் 764. இது 4-இல் முடிகிறது, ஆனால் 27² = 729, 28² = 784, நடுவில் விழுகிறது. அடுத்து 443-ஐக் கூட்டுங்கள், 1207. அடுத்து 445. இப்படி ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால், 249-க்கு வரும்போது வித்தியாசம் 13924 ஆகும். அது 118².

ஆக 48077 = 249² − 118² = (249−118) × (249+118) = 131 × 367.

220-இலிருந்து 249 வரை 30 அடிகள். வகுத்தல் பாதையில் 27. இங்கே இரண்டும் கிட்டத்தட்டச் சமம். காரணிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பெர்மா வழி முந்தும். ஒன்று மிகச் சிறியதாக இருந்தால் வகுத்தல் முந்தும். எந்த எண்ணாக இருந்தாலும் முதலில் 1001 உத்தி, பிறகு பெர்மா வழியில் ஐந்தாறு அடிகள், அப்புறம் வகுத்தல் என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஐந்தாம் படி: காரணிகள் கிடைத்த பின்

கடினமான வேலை முடிந்தது. இனி வருவது அறுவடை.

மூன்று வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொரு முறை மட்டும் வருவதால், வகுத்திகளின் எண்ணிக்கை 2 × 2 × 2 = 8. அவை 1, 13, 131, 367, 1703, 4771, 48077, 625001. தன்னைத் தவிர மற்ற ஏழையும் கூட்டினால் 55063. எண்ணைவிட மிகக் குறைவு. 6-க்கோ 28-க்கோ இந்தக் கூட்டல் அந்த எண்ணையே திருப்பித் தரும். 1 முதல் 625001 வரை இதனுடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்றால், 12 × 130 × 366 = 570960.

எட்டு வகுத்திகள் என்பது இந்த அளவு எண்ணுக்கு மிகக் குறைவு. இதே ஆறு இலக்கத்தில் 720720 என்ற எண்ணைப் பாருங்கள்: 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. அதற்கு 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240 வகுத்திகள். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகள் கொண்ட இத்தகைய எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பக்கத்து வீட்டு 625000-ஐயும் விட்டுவிட வேண்டாம். அது 2³ × 5⁷, 32 வகுத்திகள். ஒன்றைக் கூட்டியதும் 2-உம் 5-உம் அடியோடு மறைந்து, அதுவரை தலைகாட்டாத மூன்று பகா எண்கள் வந்து நிற்கின்றன. அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி எப்போதுமே இருக்காது. கூட்டலும் பெருக்கலும் ஒன்றையொன்று எவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்துவைத்திருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

தசம பின்னத்தையும் பார்த்துவிடலாம். 1 ÷ 625001 என்று வகுத்துக்கொண்டே போனால் 23790 இலக்கங்களுக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வரும். 13, 131, 367 மூன்றுக்கும் தனித்தனியே சுற்று 6, 130, 366. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 23790.

ஆறாம் படி: வர்க்கங்களின் கூட்டல்

இதற்குக் கோயிலுக்குள்ளேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருக்கும் தூண்கள் 985. காரணிப்படுத்தினால் 5 × 197. இப்போது பாருங்கள்:

985 = 29² + 12²
985 = 27² + 16²

இரண்டு விதமாக வருகிறது. விதி இதுதான்: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வந்தால்தான், அல்லது வராமலே இருந்தால்தான், அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். 5-உம் 197-உம் மீதி 1 தருபவை, அதனால் 985-க்குத் தடையில்லை. (985-க்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1393 ÷ 985-ஐக் கால்குலேட்டரில் தட்டி, இரண்டின் வர்க்கமூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு தசம இடம் வரை ஒன்றாக இருக்கும்.)

625001-க்கு வருவோம். 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்று முதல் படியில் குறித்தோமே, அதைப் பார்த்ததும் இதுவும் இரண்டு வர்க்கங்களாக வரும் என்று நம்பத் தோன்றும். ஆனால் உள்ளே 131-உம் 367-உம் இருக்கின்றன. 131 = 4 × 32 + 3; 367 = 4 × 91 + 3. இரண்டுமே மீதி 3 தருபவை, ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வருகிறது. ஆக இரண்டு வர்க்கங்களாக எழுதவே முடியாது. 3-ஐ 3-ஆல் பெருக்கி 9 ஆகும்போது மீதி 1 ஆகிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாத தடை காரணிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. காரணிப்படுத்தாமல் எண்ணின் குணத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்று வர்க்கங்கள் என்றால்? 8-ஆல் வகுத்து மீதி 7 தரும் எண்களும், அவற்றை 4, 16, 64 என்று 4-இன் அடுக்குகளால் பெருக்கி வருபவையும் மட்டுமே மூன்று வர்க்கங்களில் அடங்காது. நம் எண்ணின் மீதி 1, ஆகவே நிச்சயம் அடங்கும். தேடவும் வேண்டாம்:

625001 = 750² + 250² + 1²

562500, 62500, 1. கூட்டிப் பாருங்கள். நான்கு வர்க்கங்கள் என்றால் எந்த எண்ணுக்குமே தடையில்லை. அதை 1770-இல் லக்ராஞ்சு நிரூபித்தார்.

இலக்கம் கூடும்போது

பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு எல்லை 10 லட்சம் வரை போகும். அதற்குள் 78498 பகா எண்கள் இருக்கின்றன. அங்கே கணினியை நாடுவதே சரி. பைத்தானில் நான்கைந்து வரி எழுதினாலே ஒரு நொடிக்குள் விடை வரும். நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்குப் போனால் கணினிக்கும் இரண்டு வேலைகள் இரண்டு விதமாகப் பிரிந்துவிடுகின்றன. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று மட்டும் சொல்வது எளிது. அதை நிச்சயமாகவும், இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுமீறிப் போகாமலும் செய்ய வழி உண்டு என்று 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிரூபித்தார்கள். ஆனால் காரணிகளைக் கண்டுபிடிப்பதற்கு அப்படி ஒரு வேகமான வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இணையத்தில் தகவல்களை ரகசியமாக அனுப்ப உதவும் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டுமுறை அந்தக் கஷ்டத்தின் மேல்தான் நிற்கிறது.

பயிற்சிக்கு மதுரையின் மற்ற பின்கோடுகளே போதும். முதலில் தெப்பக்குளத்தின் 625009-ஐ எடுங்கள். 1001 உத்தியில் வரும் 616, 7-ஆலும் 11-ஆலும் வகுபடும், மிச்சம் நிற்கும் 8117 பகா எண் என்பதை நீங்கள் உறுதிசெய்யவேண்டும். தல்லாகுளத்தின் 625002-க்கு விடை 2 × 3 × 7 × 23 × 647. உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் 625023-இல் 3 மூன்று முறை வரும்: 3³ × 7 × 3307. இந்த மூன்றையும் விடையைப் பார்க்காமல் ஒருமுறை செய்து முடித்தபின், பல்கலை நகரின் 625021-ஐ எடுங்கள். அதற்கு விடை தரப்போவதில்லை. 1001 உத்தியில் 604 வரும். 7, 11, 13 மூன்றும் அதை வகுக்காது. 17-இலிருந்து தொடங்குங்கள், எல்லை 790.